அண்ணன் வாசலில் வேப்பிலை

என் இடது மணிக்கட்டு இன்றைக்கும் முழுசாகத் திரும்பாது. உடைத்தவன் என் கூடப்பிறந்த அண்ணன். மண்வெட்டிக் காம்பால் அடித்தான்.

கொரோனா இரண்டாம் முறை வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போன சமயம் அது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் நான் பிறந்த ஊருக்கே என்னைக் கிராம நர்ஸாகப் போட்டிருந்தார்கள். அங்கே ஒரு பெரியவர் ஊசி போட்டுக்கொண்ட மூன்றாம் நாள் மாரடைப்பில் செத்துப்போனார். அவ்வளவுதான். ஊசி போட்டு ஊரையே கொல்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பிவிட்டது. கிளப்பியவர்களில் முதல் ஆள் என் அண்ணன். அவனுக்குச் சர்க்கரை, இரத்தக்கொதிப்பு இரண்டும் உண்டு. ஊரில் வேறு யாருக்குப் போடாவிட்டாலும் அவனுக்குப் போட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி.

முதல் நாள் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தேன். ஒருவரும் வரவில்லை. மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணனுடைய மல்லாட்டைக் கொல்லைக்கே போனேன். கடலைச் செடிகளுக்கு நடுவே களை கொத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ணா, சட்டைய மேல ஏத்து. ரெண்டே நிமிஷம்" என்றேன்.

"ஊசியத் தூக்கிக்கினு வந்துட்டியா, என்னச் சாவடிக்க? கவர்மெண்டு சோறு அவ்ளோ ருசியா இருக்குதா?"

"சக்கரைய வச்சிக்கினு ரொம்ப ஆடாத. நோவு வந்தா நீதான் மொதல்ல போவ."

சொல்லியிருக்கக் கூடாது. பெட்டியைப் பிடுங்கி வரப்பில் ஓங்கி அடித்தான். ஐஸ் கட்டிகள் மண்ணில் சிதறின. உருண்ட குப்பிகளைக் காலால் மிதித்து நசுக்கினான். நான் செருப்பைக் கழற்றி, அத்தனை பேர் எதிரில், அவன் முகத்திலேயே அடித்தேன். அடுத்த நொடி மம்முட்டிக் காம்பு இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தவளை யாரும் தூக்கவில்லை. நானாக எழுந்து, ஷேர் ஆட்டோ பிடித்து, திண்டிவனம் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து மாவுக்கட்டோடு மறுபடியும் போனேன். இந்த முறை தெரு முழுக்க வாசல் நிலைகளில் வேப்பிலை செருகியிருந்தது. அம்மை போட்ட வீட்டுக்குள் வெளியாள் கால் வைக்கக் கூடாது, ஊசி என்ற பேச்சே எடுக்கக் கூடாது. அந்த ஊரில் பிறந்தவள் அதை மீற மாட்டாள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

"ஆத்தா வந்துருக்கா, திரும்பிப் போம்மா" என்றாள் முதல் வீட்டுக்காரி.

"ஊருக்கே ஒரே நாள்ல வந்துட்டாளா? பஸ் புடிச்சி வந்தாளா?"

ஆத்திரம் தாங்கவில்லை. நல்ல கையால் அவள் வீட்டுத் தழையைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஒருத்தி என் முடியைப் பிடித்து இழுத்தாள். எங்கிருந்தோ ஒரு கல் வந்து நெற்றியில் பட்டது. இரத்தம் கண்ணில் வடிய வடியப் பிடுங்கிக்கொண்டே போனேன். ஒரு தழைக்குப் பின்னால் காய்ச்சலில் சுருண்டு கிடந்த பெண்ணை அப்போதே ஆம்புலன்ஸில் ஏற்றினேன். அவள் பிழைத்துக்கொண்டாள்.

கடைசி வீடு அண்ணனுடையது. அங்கேயும் வேப்பிலை. உள்ளே அவன் இருமுவது கேட்டது. மூச்சு கிடைக்காமல் இருமுகிற இருமல் அது. அந்த வாரமெல்லாம் ஆஸ்பத்திரியில் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இனி அவனுக்கு ஊசி உதவாது. ஆஸ்பத்திரி உதவும்.

தழை வரைக்கும் கை போனது. கட்டுக்குள் மணிக்கட்டு விண்விண் என்று தெறித்தது. கிடக்கட்டும் சனியன் என்று நினைத்தேன்.

"ஆத்தா இருக்கிற வூடாச்சே, நான் உள்ள வரல" என்று அண்ணிக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

மூன்றாம் நாள் அவனை விழுப்புரத்துக்குக் கொண்டுபோனார்கள். போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

சாவு வீட்டு வாசலில் நான் கால் வைத்ததும் அண்ணி பாய்ந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். உதடு கிழிந்தது. நான் தடுக்கவில்லை.

"எல்லார் வூட்டுத் தழையும் பிச்சிப் போட்டியே. எங்க வூட்டுத் தழைய மட்டும் ஏண்டி வுட்ட?"

காய்ந்துபோன அந்த வேப்பிலை அப்போதும் நிலையில்தான் இருந்தது. சாமிக்குப் பயந்து விட்டுவிட்டேன் என்று அழுதேன். வேண்டுமென்றேதான் விட்டேன் என்பதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.