புரிஞ்சிச்சுங்க டீச்சர்

பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்னால் இருந்த நடுநிலைப் பள்ளிக்கு 2004-ல் கம்ப்யூட்டர் வந்தது. அன்றைக்குப் பிடித்தது இவாஞ்சலின் டீச்சருக்குத் தலைவலி. ஆறாம் வகுப்புக்கு வருடக்கணக்காகக் கணக்கு நடத்திய மனுஷி. மெஷின் மேல் அவருக்குப் பகையில்லை. தலைமையாசிரியர் சீனிவாசன்தான் தொல்லை. இனிமேல் பாடத்தை சிடியே நடத்திவிடும், ஆறையும் ஏழையும் சேர்த்து உட்கார வைத்தால் போதும், டீச்சர் ஆபீஸ் வேலையைப் பார்க்கட்டும் என்று கூசாமல் சொல்லிவிட்டார். கல்வி அதிகாரி வந்து பார்த்துத் தலையாட்டினால் முடிந்தது கதை.

இவாஞ்சலின் வகுப்பை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டார். ஆனால் எதைச் சொல்லித் தடுப்பது? சிடி நன்றாகத்தான் நடத்தியது. பின்னத்துக்குக் கலர் கலராக கேக் வெட்டியது. அவர் போர்டில் போடும் வட்டமோ என்றைக்கும் கொழுக்கட்டை மாதிரிதான் வரும்.

அதிகாரி வருகைக்கான ஒத்திகையன்று பின்னால் உட்கார்ந்து பார்த்தார். "புரிந்ததா குழந்தைகளே?" என்றது சிடிக் குரல். பிள்ளைகள் எழுந்து, கைகட்டி, "புரிஞ்சிச்சுங்க டீச்சர்" என்று ஒரே ராகத்தில் கம்ப்யூட்டருக்குப் பதில் சொன்னார்கள். சீனிவாசனுக்கு வாயெல்லாம் பல். இவாஞ்சலினுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. இதே ராகத்தில்தானே தன்னிடமும் சொல்கிறார்கள்? அதை நம்பித்தானே அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்?

அதிகாரி வந்த அன்று சிடி கேள்வி கேட்டதும் பிள்ளைகள் எழுந்தார்கள். இவாஞ்சலின் விறுவிறுவென்று போய்ப் படத்தை நிறுத்தினார்.

"புரிஞ்சிச்சுன்னு யாரும் சொல்லக் கூடாது. இன்னா புரியலன்னு மட்டும் சொல்லுங்க."

வகுப்பு திருதிருவென்று விழித்தது. சீனிவாசன் முறைத்தார். இவாஞ்சலின் அசையாமல் நின்றார். கடைசியில் வஜீதா என்ற பெண் வாயைத் திறந்தாள்.

"கீழ இருக்கிற நம்பர் பெருசானா துண்டு எப்டி டீச்சர் சின்னதாவுது? நீங்க நடத்தனப்பவும் புரியல."

அதிகாரி முன்னால் இப்படியா? இவாஞ்சலினுக்கு அவமானத்தில் முகம் சுட்டது. ஆனாலும் ஒருத்தியாவது உண்மையைச் சொன்னாளே என்று சந்தோஷமாக இருந்தது. இன்னும் யாருக்கெல்லாம் புரியவில்லை என்று கேட்டார். தயங்கித் தயங்கிப் பாதி வகுப்புக்கு மேல் கை தூக்கியது.

நேரமாகிறது, சிடியை ஓடவிடுங்கள் என்று சீனிவாசன் பல்லைக் கடித்தார்.

"அது நிக்கட்டும் சார். இவங்களுக்குப் புரிஞ்சப்புறம் ஓட்டிக்கலாம்."

வஜீதாவைக் கூப்பிட்டு சாக்பீஸைக் கையில் கொடுத்தார். எந்த இடத்தில் குழம்புகிறது என்று வரைந்து காட்டச் சொன்னார். மற்ற பிள்ளைகளும் போர்டைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

அதிகாரி சீனிவாசன் பக்கம் சாய்ந்தார்.

"இவங்களயா சார் ஆபீசுக்கு அனுப்பறேன்னு சொன்னீங்க?"