பன்னிரண்டு வோல்ட் சொன்ன பொய்

1. அசையாத நாலாவது பிளக்

மூன்று பிளக் வெளியே வந்துவிட்டன. நாலாவது அசையவே இல்லை.

மார்கழி மாதம், மதியம் மூன்று மணி இருக்கும். ஏற்காடு மலைப்பாதை தொடங்குகிற கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் பட்டறை. நான் ஆட்டோ எலக்ட்ரீசியன். வயரிங், செல்ஃப் மோட்டார், பேட்டரி எல்லாம் என் பக்கம். எஞ்சின் வேலை என் கூட்டாளி கனகராஜுடையது. முப்பத்தோரு வருடமாக ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்கிறோம். அநேகமாக தினமும் சண்டை போடுகிறோம்.

அன்று எங்கள் முன்னால் நின்றது ஒரு சின்ன டீசல் டிரக். பால் கேன் ஏற்றுகிற வண்டி. ஓட்டுவது தெய்வானை என்ற அம்மா. ராசிபுரம் பக்கம் பிறந்து, ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலை ஊரில் வாழ்க்கைப்பட்டவர். விடிவதற்குள் ஊர் ஊராகப் பால் எடுத்து, இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, சேலத்தில் குளிரூட்டும் நிலையத்தில் சேர்க்க வேண்டும். வண்டி ராத்திரி மலையிலேயே நிற்கும்.

"கீழ வந்துட்டா நல்லா ஓடுதுங்கண்ணா. மேல காலைல சாவி போட்டா செல்ஃபு சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது. எஞ்சின் புடிக்க மாட்டேங்குதுங்க" என்றார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விளக்கம். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. கம்ப்ரஷனில், அதாவது காற்றை இறுக்கி அழுத்தினால், அது சூடாகும். அந்தச் சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும். குளிரில் எஞ்சின் இரும்பு அந்தச் சூட்டை விழுங்கிவிடும். அதனால் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் பென்சில் கனத்தில் ஒரு ஹீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். சாவியைத் திருப்பியதும் சில நொடிகளில் செக்கச்செவேல் என்று சிவந்து காற்றுக்குச் சூடு கொடுக்கும். புத்தகத்தில் குளோ பிளக் என்று போட்டிருக்கும். எங்களுக்கு ஹீட்டர் பிளக்.

அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு ஹீட்டர் பிளக் மேல்தான் சந்தேகம். கனகராஜ் உடன்படவில்லை. "கம்ப்ரஷன் போயிருக்கும்யா. வண்டி ஓடின ஓட்டத்தப் பாரு" என்றான். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து நாலு பிளக்கையும் பார்த்தேன். இரண்டில் ஒரு ஓம் அளவில் காட்டியது, அது சரி. மற்ற இரண்டில் ஒன்றுமே இல்லை. உள்ளே கம்பி அறுந்துவிட்டது. "பாத்தியா?" என்று மீட்டரை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

நாலையும் மாற்றுவது என்று முடிவானது. அப்போதுதான் அந்த நாலாவது.

ஹீட்டர் பிளக்கைக் கழற்றுவது ஸ்க்ரூ கழற்றுகிற மாதிரி அல்ல. கரி பிடித்து, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டோடு ஒட்டிப்போயிருக்கும். பலம் கொடுத்தால் நுனி உள்ளேயே முறியும். முறிந்தால் ஹெட்டை இறக்க வேண்டும், நாலைந்து நாள் வண்டி நிற்கும். பால் நிற்காதே.

"ஊட்டுக்காரர் போன வாரம் வண்டிய உருட்டிவிட்டு ஸ்டார்ட் பண்ணலாம்னாருங்க" என்றார் தெய்வானை. "பால் கேனோட சரிவுல உருட்டுனோம். எஞ்சின் ஓடலீன்னா பிரேக்கு கல்லாட்டம் ஆயிரும்னு எனக்குத் தெரியாதுங்க. ரெண்டு காலையும் வெச்சு மிதிக்கறேன், நிக்க மாட்டேங்குது. சில்வர் ஓக் மரத்துல போயி முட்டி நின்னுச்சு. மரத்துக்கு அந்தப்பக்கம் ஒண்ணுமில்லீங்க. பள்ளந்தான்."

முன் பம்பரைப் பார்த்தேன். நடுவில் உள்வாங்கி, மரப்பட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

கனகராஜ் வாதம் செய்வதை விட்டுவிட்டான். கழற்றிய மூன்றையும் மறுபடி திருகி, எஞ்சினை ஓடவிட்டு நன்றாகச் சூடேற்றினோம். பிளக்கைச் சுற்றித் துருவை இளக்குகிற எண்ணெயை அடித்தோம். காத்திருந்தோம். நீள சாக்கெட்டை மாட்டி, சின்னக் கைப்பிடியால் கால் சுற்று கூட இல்லை, ஒரு மயிரிழை கழற்றுகிற பக்கம். உடனே ஒரு மயிரிழை முடுக்குகிற பக்கம். மறுபடி எண்ணெய். மறுபடி சூடு. கனகராஜ் கண்ணை மூடிக்கொண்டுதான் செய்தான். இரும்பு முறியப் போகிறதா நகரப் போகிறதா என்பது கைக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. முக்கால் மணி நேரம் இப்படியே போனது.

'கிறீச்' என்று ஒரு சத்தம்.

"போச்சா?" என்றேன்.

"வருதுடா!" என்று கத்தினான் கனகராஜ். முழுசாக வந்தது, நுனியில் கரி அப்பிக்கொண்டு. அதைக் கையில் தூக்கிப் பிடித்து அவன் பட்டறை முழுக்க ஒரு சுற்று வந்தான். பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப்பார்த்து, "என்னப்பா, தங்கம் கெடச்சிருச்சா?" என்றார்.

ஓட்டைகளில் கரியைச் சுத்தம் செய்தோம். புதுப் பிளக் நாலையும் கையாலேயே திருகி, அளவாக முடுக்கினோம். நாலு பிளக்கையும் இணைக்கிற உலோகப் பட்டையை மேலே மாட்டுவதற்கு முன், ஹீட்டருக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற ரிலேயிலிருந்து வருகிற வயரின் நுனியில் மீட்டரை வைத்தேன். சாவி போடச் சொன்னேன். பன்னிரண்டு புள்ளி நாலு வோல்ட். டேஷ்போர்டில் சுருள் படம் போட்ட மஞ்சள் விளக்கும் எரிந்தது. பட்டையை மாட்டினேன். வண்டி ஒரே சுற்றில் ஸ்டார்ட்.

"இனி மலை உச்சியில பனிக்கட்டி பேஞ்சாலும் புடிக்கும்மா" என்று பெருமையாகச் சொன்னேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

2. "அப்படியேதானுங்க இருக்குது"

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போன் வந்தது.

"அண்ணா, அப்படியேதானுங்க இருக்குது. சுத்துது, புடிக்கல. வாடகைக்கு ஒரு ஜீப் புடிச்சுப் பால அனுப்பிட்டேனுங்க."

குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கனகராஜிடம் சொன்னேன். "நான் சொன்னேன்ல, கம்ப்ரஷன்னு?" என்று அவன் குதிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் குதிக்கவில்லை. "நேத்து கழட்டின பிளக் ரெண்டு செத்துத்தான் இருந்துச்சு, நானும் பாத்தேன். அது ஒரு கோளாறுதான். ஆனா அது மட்டும் இல்ல போல" என்றான்.

அன்று பத்து மணிக்கு வெயில் வந்ததும் வண்டி தானாகவே ஸ்டார்ட் ஆகிக் கீழே வந்தது. வந்ததும் என்ன செய்தாலும் ஒரே சுற்றில் பிடித்தது. கம்ப்ரஷன் பார்த்தோம், நாலு சிலிண்டரும் நன்றாகவே இருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேலம் வெயிலில் இந்த வண்டிக்கு ஹீட்டரே தேவையில்லை. நேற்று அது ஸ்டார்ட் ஆனது என் வேலையால் அல்ல, வெயிலால். நோய் மலையில் இருக்கும்போது நான் சேலத்தில் உட்கார்ந்து நாடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இன்னைக்குச் சாயங்காலம் நீங்க மேல போறப்ப நானும் வாரேன். அங்கயே தங்கிக்கறேன். காலைல நீங்க சாவி போடறப்ப நான் பக்கத்துல இருக்கணும்."

"எங்க ஊட்டுல குளுரு சாஸ்திங்கண்ணா."

"குளிருக்காகத்தாம்மா வாரேன்."

கிளாம்ப் மீட்டர், பழைய ஹெட்லைட் பல்பில் நான் செய்து வைத்திருந்த டெஸ்ட் லேம்ப், தடித்த வயர் ஒரு முழம், வயர் முனையில் மாட்டுகிற காப்பர் லக் நாலு, புது ஃபியூஸ் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் மனைவி ஸ்டெல்லா ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தாள்.

3. விடியற்காலை ஐந்தேகால்

தெய்வானை வீட்டிலிருந்து வெளியே வந்தால் மூச்சுப் புகையாகப் போனது. வண்டிக் கண்ணாடியில் பனி வழிந்தது. அந்த ஊர்ப் பால் கேன்கள் வரிசையாக ஏறிவிட்டன. தெய்வானை ஓட்டுநர் இருக்கையில். நான் எஞ்சின் பக்கம், தலையில் கட்டிய டார்ச்சோடு. எனக்குக் குளிர் தெரியவில்லை. முதல்முறை விமானம் ஏறப் போகிறவன் மாதிரி இருந்தது.

கிளாம்ப் மீட்டர் என்பது வயரைச் சுற்றிக் கவ்விப் பிடித்து, அதில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று காட்டுகிற கருவி. ஹீட்டருக்குப் போகிற வயரில் அதைக் கவ்வவைத்தேன். நாலு நல்ல பிளக் என்றால் முதல் நொடியில் ஐம்பது, அறுபது ஆம்பியராவது இழுக்க வேண்டும்.

"சாவி போடுங்க. செல்ஃப் அடிக்காதீங்க!"

மஞ்சள் விளக்கு எரிந்தது. ரிலே 'டக்' என்றது. மீட்டரில் மூன்று ஆம்பியர்.

மூன்றே மூன்று! சத்தியமாக நான் சிரித்துவிட்டேன். கோளாறு முதல்முறையாக என் கண் முன்னால் முகத்தைக் காட்டியது. விளக்கு எரிகிறது, ரிலே தட்டுகிறது, பிளக் புதுசு. ஆனால் சூடேற்றக் கரண்டே போகவில்லை.

ரிலேவுக்கு உள்ளே வருகிற வயரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். பன்னிரண்டு வோல்ட். அதே பன்னிரண்டு! அடுத்து அதே இடத்தில் ஹெட்லைட் பல்பை வைத்தேன். கண்ணைக் கூச வைக்க வேண்டிய பல்பு, அணையப்போகிற ஊதுபத்தி மாதிரி மினுங்கியது.

வயரைப் பின்னால் தடவிக்கொண்டே போனேன். பேட்டரிக்குப் பக்கத்தில் பெரிய ஃபியூஸ். அதன் காலில் மாட்டியிருந்த லக். மேலே உறை பளபளவென்று இருந்தது. உறையைக் கீறினேன். உள்ளே பச்சைப் பொடி. மலை ஈரத்தில் செம்பு இழைகள் எல்லாம் அரித்துப்போய், இரண்டு மூன்று இழைகள் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன. மீட்டருக்கு அந்த இரண்டு இழை போதும். அதற்குக் கரண்டே தேவையில்லை. நாலு ஹீட்டருக்கு எப்படிப் போதும்?

"கெடச்சிருச்சும்மா!" என்று நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

பட்டுப்போன முனையை வெட்டினேன். புது வயர், புது லக், புது ஃபியூஸ். விரல் விறைத்துப்போய் லக்கைப் பிடித்து அமுக்க முடியவில்லை. தெய்வானை இறங்கிவந்து வயரை அசையாமல் பிடித்துக்கொண்டார். நேரம் ஓடியது. நிமிர்ந்து பார்த்தால் அவர் கணவர் மாணிக்கம், ஒரு துணியைப் பெட்ரோலில் நனைத்துக்கொண்டு காற்று போகிற குழாய்ப் பக்கம் வருகிறார்.

"இத மூக்குல காட்டினா டபார்னு புடிச்சிக்கும்ங்க. முன்னயும் பண்ணியிருக்கேனுங்க. லேட்டாவுது" என்றார்.

"அத மொதல்ல தூரப் போடுங்க!" என்று நான் கத்தியதில் அவர் துணியை அப்படியே கீழே போட்டுவிட்டார். உள்ளே நாலு ஹீட்டர் சிவந்திருக்கும்போது பெட்ரோல் ஆவி போனால் எஞ்சினே வெடிக்கலாம். இதுவரை அவர் செய்தபோது ஒன்றும் ஆகாததற்கு ஒரே காரணம், ஹீட்டர் வேலை செய்யாததுதான். இன்றைக்குச் செய்யப்போகிறது!

"சாவி போடுங்கம்மா."

விளக்கு. 'டக்'. என் கண் மீட்டரில். அறுபத்திரண்டு! பிளக் சூடாகச் சூடாக ஐம்பத்தைந்து, நாற்பத்தெட்டு என்று அழகாக இறங்கியது. விளக்கு அணைந்தது.

"இப்ப அடிங்க!"

ஒரு சுற்று கூட முழுசாக இல்லை. எஞ்சின் பிடித்தது. மாணிக்கம் கேனைத் தட்டிக் கை கொட்டினார். தெய்வானை ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அழுகிறாரோ என்று கிட்டே போனேன். அழவில்லை. எஞ்சின் ஓடுகிற அதிர்வைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏறுங்கண்ணா, போலாம்" என்றார் நிமிர்ந்து.

4. இறங்கும்போது

முதல் வளைவில் அவர் பிரேக்கை லேசாகத் தொட்டார். வண்டி சொன்னபடி கேட்டது. கீழே சேலம் பனிக்குள் கிடந்தது. பத்தாவது வளைவு தாண்டியதும் கேட்டார்:

"ஏனுங்கண்ணா, மொத நாளே எல்லாம் பாத்தீங்க. கடசீல என்னதானுங்க கோளாறு?"

வயர் என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. ஆனாலும் வாய் வரவில்லை.

"வயருல பாதிம்மா. மீதி என்கிட்ட. மீட்டர் பன்னெண்டுன்னு சொன்னதும் நம்பிட்டேன். கிளாம்ப் மீட்டர் பெட்டிக்குள்ளயே இருந்துச்சு, எடுக்கல. எடுத்திருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

அவர் அடுத்த வளைவைத் திருப்பி முடித்தார். பிறகு சிரித்தார். "பரவால்லீங்க. வந்து பாத்தீங்களே."

பால் நேரத்துக்குச் சேர்ந்தது. பட்டறைக்கு வந்து கனகராஜிடம் நடந்ததைச் சொன்னேன். அவன் அந்தப் பச்சைப் பொடி பிடித்த லக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இத்தனூண்டா!" என்றான்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ ஹீட்டர் சிஸ்டம் பார்த்துவிட்டேன். பிளக், ரிலே, டைமர், சென்சர் எதுவானாலும் இரண்டு விஷயத்தை விடுவதில்லை. சும்மா இருக்கிற வயரில் வோல்ட் பார்த்து நல்லது என்று சொல்வதில்லை. அதற்கு வேலை கொடுத்து, சுமையை ஏற்றிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பேன். வண்டி எந்த இடத்தில், எந்த நேரத்தில் படுக்கிறதோ, அந்த இடத்துக்கு அந்த நேரத்தில் நானே போய்விடுவேன். குளிராக இருந்தால் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம்.