தையல்காரரின் ‘சரிங்கம்மா’

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பார்ப்பது என்னவோ நர்ஸ் வேலை. சிறுநீரகம் பழுதானவர்கள் வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் மெஷினோடு கட்டுண்டு கிடக்காமல், வயிற்றில் பொருத்திய மெல்லிய குழாய் வழியாக வீட்டிலேயே ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளலாம். மருந்துத் தண்ணீரைப் பையிலிருந்து உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துவிட வேண்டும். அதைச் சொல்லிக்கொடுப்பதுதான் அவள் பொறுப்பு. கோவையாகச் சொல்வாள். பெரிய டாக்டரே கதவருகில் நின்று கேட்டுவிட்டுப் போவார்.

அவளுக்கு எதுவுமே காது வழியாகத்தான் ஏறும். படிக்கிற காலத்தில் வகுப்பில் கேட்டதை வீட்டுக்கு வந்து அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பாள். உலகமே அப்படித்தான் கற்றுக்கொள்கிறது என்று நினைத்திருந்தாள். யாருக்காவது புரியவில்லையென்றால், இன்னொரு தடவை, இன்னும் நிதானமாகச் சொல்வாள். வேறு வழி இருக்கும் என்று தோன்றியதே இல்லை.

தையல்காரர் மனைவியோடு வந்தார். சின்னதாகச் சொந்தக் கடை, ஒரே தையல் மெஷின். ஆஸ்பத்திரி மெஷினுக்குப் போனால் கடையை யார் திறப்பது என்றுதான் இதற்குச் சம்மதித்திருந்தார். அவள் எதைச் சொன்னாலும் “சரிங்கம்மா” என்றார். கேள்வி கேட்டால் மனைவி முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

“நீங்க பேசாதீங்கக்கா, அவர் சொல்லட்டும்.”

“அவரா? கல்யாணத்தன்னைக்கே ‘ம்’னுதான் சொன்னாரு. நாந்தான் அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.”

மூவரும் சிரித்தார்கள். பயிற்சியின் கடைசி நாளன்று, போலிக் குழாய் பொருத்திய பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் எல்லாவற்றையும் செய்து காட்டினார். “இப்ப மாஸ்க்... கை கழுவுங்க... மூடியைத் திறங்க... முனை எதுலயும் படக்கூடாது...” அவள் சொல்லச் சொல்ல அவர் விரல்கள் ஒரு இடத்திலும் தவறவில்லை. திருப்தியாக அனுப்பிவைத்தாள்.

சில வாரங்களிலேயே திரும்பி வந்துவிட்டார். காய்ச்சல், தாங்க முடியாத வயிற்று வலி, வடிந்த தண்ணீர் கலங்கியிருந்தது. கிருமி உள்ளே போயிருந்தது. மருந்துக்கு அடங்கவில்லை. குழாயை எடுக்க வேண்டியதாயிற்று. இனி இந்த முறை அவருக்கு ஒத்துவராது, மெஷின்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எங்கே பிசகியது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அவர் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் பயிற்சி அறைக்கு அழைத்துப் போய் பெல்ட்டைக் கொடுத்தாள்.

“வீட்ல எப்படிச் செஞ்சீங்களோ அப்படியே செய்ங்க. நான் வாயே திறக்க மாட்டேன்.”

மாஸ்க் போட்டார். கையை நன்றாகவே கழுவித் துடைத்தார். உட்கார்ந்ததும், மேஜை விளக்கை எட்டிப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வாழ்நாளெல்லாம் ஊசியில் நூல் கோத்த கை. விளக்கைத் தொட்ட அதே விரல்களால், மறுபடி கழுவாமலே, குழாயின் மூடியைத் திறந்தார். தான் எதையோ தொட்டோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. அவள் வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டாள். பாதியில் கை நின்றது. தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தார்.

“வீட்ல இந்த இடத்துல என்ன பண்ணுவீங்க?”

“நீங்க சொன்னதை நெனச்சுப் பாப்பேங்கம்மா. உங்க குரல் ஞாபகம் வரும். சொன்னதுதான் வராது.”

“புரியலன்னு அன்னைக்கே கேட்டிருக்கலாமே?”

“அவ்ளோ அழகாச் சொன்னீங்க. புரியலன்னு எப்படிங்கம்மா சொல்றது?”

தையல் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டாள், ஏதாவது பேசியாக வேண்டுமே என்று.

“ஒருத்தர்கிட்ட போனேன், சொல்லிச் சொல்லி அவருக்குத்தான் அலுத்துது. அப்புறம் ஒரு பழைய சட்டையைத் தையல் தையலாப் பிரிச்சேன். பிரிச்சதைத் திரும்பச் சேத்தேன். அப்படிக் கத்துக்கிட்டதுதான்.”

இதே மேஜையில் ஒரு பழைய குழாயையும் காலிப் பையையும் போட்டு, கழற்றி மாட்டிப் பாருங்கள் என்று விட்டுவிட்டு அவள் சும்மா உட்கார்ந்திருக்கலாம். ஒரு பிற்பகல் போதுமாயிருந்திருக்கும். அந்த நினைப்பு அவளை வீடு வரைக்கும் விடவில்லை. பயிற்சியின் கடைசி நாளில் தவறாமல் செய்தது அவர் கையல்ல, தன் குரல்தான் என்பதும் உறைத்தது.

அவர் கடை கை மாறியது. மெஷினில் படுத்து எழுந்தால் மறுநாளும் அசதி. வாங்கிய துணியை எப்படிச் சொன்ன நாளில் கொடுப்பது? மனைவி வீட்டில் சேலைகளுக்கு ஓரம் அடித்துக்கொடுக்க ஆரம்பித்தாள்.

டீச்சரும் மாறினாள். வருகிறவர்களிடம் முதலில் பேச்சைக் குறைத்தாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண், கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்று கலர் கலராக ஒரு அட்டை எழுதிக் கொண்டுவந்தாள்.

“சுவத்துல ஒட்டலாமா டீச்சர்?”

“ஒட்டும்மா. ஆனா அதுல யாரையும் அடைச்சிடாத. ஒரே ஆளு ஒண்ணைப் பாத்துக் கத்துப்பாரு, இன்னொண்ணைத் தொட்டாத்தான் கத்துப்பாரு. அவங்க செய்யும்போது நீ பேசாம இரு, தெரிஞ்சிடும்.”

அதன்பின் வந்தவர்களில் பலர் நன்றாகக் கற்றுக்கொண்டு போனார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் அவளுக்குச் சந்தோஷத்தோடு ஒரு வலியும் சேர்ந்தே வந்தது.

மெஷின் பிரிவைத் தாண்டித்தான் அவள் அறைக்குப் போக வேண்டும். ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு தையல்காரரின் கட்டிலருகே போனாள். குழாய் செருகிய கையை அசைக்காமல், மறு கையால் நாற்காலியைக் காட்டினார்.

“உங்களுக்கு நான் சரியாச் சொல்லிக்கொடுக்கலைங்க. தப்பு என்னுதுதான்.”

“ஐயையோ, என்னங்கம்மா பேச்சு இது. நீங்க பாடுபட்டுச் சொன்னீங்க. எனக்குத்தான் மண்டையில ஏறல.”

“இல்லைங்க...”

“விடுங்கம்மா. சின்ன வயசுலேருந்தே நான் அப்படித்தான், மக்கு.”

அவள் மறுத்துச் சொன்னாள், திரும்பவும் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். எல்லாம் முடிந்ததும், “சரிங்கம்மா” என்றார்.