லவினா பார்க்காத முகம்

ஓரின் ஹேஸ்கலைப் பெரிய மருத்துவர் என்று சொல்வதற்கில்லை. அந்தக் காலத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக் கிராம மருத்துவர்கள் எவருக்கும் தெரிந்ததுதான் அவருக்கும் தெரியும். முறிந்த எலும்பைக் கட்டுவார், பிரசவம் பார்ப்பார், காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பார். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லாதபோது படுக்கையருகே உட்கார்ந்திருப்பார். அப்படி உட்கார்ந்திருந்ததற்காகவே அந்தப் பள்ளத்தாக்கில் அவருக்கு மதிப்பு. மனைவி இறந்த பிறகு அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது அபூர்வம். நோய் பார்க்கப் போன வீட்டிலேயே மேசையருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, சோளரொட்டியும் உப்புப் பன்றிக்கறியும் வைத்துவிடுவார்கள்.

அவரை மாற்றியது ஒரு சிறுவனின் சவ அடக்கம். மளிகைக்கடைக்காரரின் மகன் தொண்டை அடைப்பான் நோயில் இறந்தான். ஊர் வழக்கப்படி தேவாலயத்தில் பெட்டியைத் திறந்து வைத்தார்கள். பிரசங்கம் முடிந்ததும் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்தார்கள். எட்டாதவர்களைப் பெரியவர்கள் தூக்கிக் காட்ட, அவர்கள் குனிந்து முத்தமிட்டார்கள். இரண்டு சிறுமிகளைத் தூக்கியது ஹேஸ்கல். பனி உருகுவதற்குள், அந்த வரிசையில் நின்ற பிள்ளைகளை வீடு வீடாகப் படுக்கையில் பார்த்தார். அவர் தூக்கிய இருவரும் அதில் உண்டு. இருவருமே பிழைக்கவில்லை.

குதிரையை எவ்வளவு விரட்டினாலும் நோய்க்குப் பின்னால்தான் போய்ச் சேர முடிகிறது, ஓர் உத்தரவு அதற்கு முன்னால் போய் நிற்கும் என்று அவருக்குத் தோன்றியது. மாவட்ட நிர்வாகக் குழுத் தேர்தலில் நிற்கப் போவதாகத் தன் பழைய நண்பனான விவசாயி ஆசா பிரிட்செட்டிடம் சொன்னார்.

"ஓட்டு கேக்கவே வேணாம்யா நீ," என்றான் ஆசா. "இந்தப் பள்ளத்தாக்குல பாதிப் பேரை வெளிய இழுத்துப் போட்டவனே நீதானே. அந்த நன்றிகூடவா இருக்காது?"

"வெளிய வந்தப்போ ஒருத்தனும் என்னப் பாத்துச் சிரிக்கலையே ஆசா. எல்லாப் பயலும் அழுதான்."

ஜெயித்தார். குழுவில் சுகாதாரப் பொறுப்பை அவரிடமே விட்டார்கள். அவர் போட்ட முதல் உத்தரவு இது: தொண்டை அடைப்பானில் இறந்தவரைப் பெட்டியில் வைத்த உடனே மூடியில் ஆணி அடிக்க வேண்டும், தேவாலயம் கூடாது, பார்வைக்கு வைப்பது கூடாது, நேரே இடுகாடு. டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மற்றவர்கள் கையெழுத்திட்டார்கள். அந்தச் சட்டம் தங்கள் வீட்டுக்குள் வரும் என்று எவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அது முதலில் வந்தது ஆசாவின் வீட்டுக்கு. அவன் மனைவி லவினா, தங்கையின் பிரசவத்துக்காகக் கைக்குழந்தையோடு ஆற்றுக்கு அப்பால் போயிருந்தாள். வீட்டில் இருந்த ஆறு வயது மகள் டெல்பிக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. டாக்டரைக் காவலுக்கு வைத்துவிட்டு, பனிச்சறுக்கு வண்டியில் மனைவியை அழைத்துவரப் போனான் ஆசா. வழியைப் பனி மூடிவிட்டது. பண்ணையாட்களை ஹேஸ்கல் அருகே சேர்க்கவில்லை. விடிந்து சிறிது நேரத்தில், அவர் கையைப் பிடித்தபடியே குழந்தை இறந்தது.

தச்சன் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வராமல் போய்விட்டான். ஹேஸ்கலே குழந்தையைத் துடைத்து, உடுத்தி, உள்ளே கிடத்தினார். காத்திருந்திருக்கலாம்; அந்தக் குளிரில் அவசரம் ஒன்றுமில்லை. ஆனால் தன்னைப் பற்றி அவருக்குத் தெரியும். லவினா வந்து எதிரே நின்றால் தன்னால் சுத்தியலைத் தூக்க முடியாது. அதனால் அவள் வருவதற்கு முன்பே தூக்கினார். தன் இரக்கத்தைத் தானே நம்பாத மனிதனின் கடுமை அது. மற்ற கடுமைகளைவிட அது வேகமாக வேலை செய்யும்.

நண்பகலில் வண்டி வந்தது. அண்டை வீட்டார் வேலிக்கு வெளியே கூடி நின்றார்கள். லவினா இடுப்பில் குழந்தையோடு இறங்கி வந்து பெட்டியைப் பார்த்தாள்.

"மூடியத் தொறங்க, டாக்டர்."

"முடியாதும்மா."

"எல்லாருக்கும் வேணாம். எனக்கு மட்டும். தூரத்துல நின்னு பாத்துட்டு வந்துடறேன்."

"பாத்துட்டு மட்டும் வந்த தாயை நான் இதுவரைக்கும் கண்டதில்ல. இடுப்புல இருக்கறவன நெனச்சுக்க."

ஆசா அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ போட்ட சட்டம்தானே ஓரின். நீயே ஒருதரம் கண்ண மூடிக்க. உன்ன யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்க. அதுக்குத்தான் பயப்படறேன்."

லவினா ஆணித் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "உள்ள இருக்கறது என் பொண்ணுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் பாத்தேன்மா. கடைசிவரைக்கும் நான்தான் பக்கத்துல இருந்தேன்."

பெட்டி அப்படியே குழிக்குள் போயிற்று.

அந்தக் குளிர்காலத்தில் பள்ளத்தாக்கில் வேறு எந்தக் குழந்தைக்கும் தொண்டை அடைக்கவில்லை. கடவுள் கருணை என்றார்கள். சாகாமல் இருந்தவர்கள் யார் என்று எவருக்கும் தெரியாது, அவர்களுக்கே தெரியாது. நடக்காமல் போன துக்கத்துக்காக யார் வந்து நன்றி சொல்வார்கள்? பெட்டியை மூடியவர் யார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடித்தார்கள். பிரசவத்துக்கு இப்போதும் அவரைத்தான் கூப்பிட்டார்கள், வேறு ஆள் இல்லை. ஆனால் மேசையருகே நாற்காலி போடுவது நின்றுபோயிற்று. ரொட்டியைத் துணியில் சுற்றி வாசலில் கொடுத்தனுப்பினார்கள். ஆசா வழியில் கண்டால் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனான், அயலூர்க்காரனுக்குச் செய்வதுபோல.

பல வருடங்களுக்குப் பின், ஓர் இலையுதிர்காலப் பிற்பகலில், லவினா அவர் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்ற வண்டியில் அவள் மகன் கடிவாளத்தைப் பிடித்திருந்தான். அன்று இடுப்பில் இருந்தவனுக்கு இப்போது மீசை அரும்பியிருந்தது. அவள் தலைக்குல்லாயைக்கூடக் கழற்றாமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"சண்டைக்கு வரல, டாக்டர். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். அவளுக்கு எந்தச் சட்டையப் போட்டு விட்டீங்க? நீலமா, இல்ல நான் புதுசா தெச்சு வெச்சிருந்த பழுப்பா?"

ஹேஸ்கல் அந்தக் காலைக்குத் திரும்பிப் போனார். தொண்டைக்குள் படர்ந்திருந்த சாம்பல்நிறச் சவ்வு நினைவிருந்தது. அதன் ஓரம் எங்கே கிழிந்திருந்தது என்பதுகூட. மூச்சின் ஓசை நினைவிருந்தது. வளைந்துபோன ஓர் ஆணியைப் பிடுங்கி மறுபடி அடித்தது நினைவிருந்தது. சட்டைக்குப் பொத்தான் போட்டது இந்தக் கைகள்தான். நிறம் மட்டும் வரவில்லை.

நீலம் என்று சொல்லிவிடலாம். அவள் நம்புவாள். சொல் உதடுவரை வந்தது. ஆனால் அன்று, பார்த்தேன் என்ற ஒரு வார்த்தையை வைத்துத்தான் இவளைத் தடுத்தார். அதே வார்த்தையை இப்போது பொய்யாக்கி அவளிடம் கொடுக்க மனம் வரவில்லை.

"ஞாபகம் இல்லம்மா."

"முடி? பின்னியிருந்துச்சா?"

"தெரியல."

கோபமே இல்லாத குரலில் அவள் சொன்னாள்: "அப்போ அவள யாருமே பாக்கல."

எழுந்து வெளியே போனாள். மகன் கைகொடுத்து ஏற்றினான். ஏறி உட்கார்ந்தவள், அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி நிதானமாகப் பார்த்தாள். அவன் கூச்சத்தோடு நெளிந்தான். வாசலில் நின்ற டாக்டரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.