கட்டம் அக்காவும் வரிப் படிவமும்

அந்த ஆஸ்பத்திரியில் அவள் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். கட்டம் அக்கா என்று கேட்டால் வாசல் காவலாளியே எழுந்து வந்து வழி சொல்வார். கீழ்த்தளம், எக்ஸ்ரே அறையைத் தாண்டி இடது பக்கம், வெந்நீர்க் குழாய் ஓடுகிற நடை முடியும் இடத்தில் துணியறை.

படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவைச் சிகிச்சை அறையின் பச்சைத் துணி எல்லாம் சலவையிலிருந்து அங்கேதான் வந்து சேரும். எத்தனை மேலே போனது, எத்தனை கீழே வந்தது, எதில் கிழிசல், எதில் கறை என்று பார்த்து எழுதுவது அக்காவின் வேலை. இருபது வருஷமாக அதே அறை. வெகுகாலம் வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும். பார்த்த வரன்கள் சிலது அவளுக்கு ஒத்துவரவில்லை, சிலதுக்கு அவள் ஒத்துவரவில்லை. முப்பத்தைந்து தாண்டியதும் அம்மாவும் அந்தப் பேச்சை எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

கட்டம் என்ற பட்டம் வந்த கதை ஒரு பழுப்பு உறையில் ஆரம்பித்தது. அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. இரண்டு வருஷமாக வருமானக் கணக்கு சமர்ப்பிக்கவில்லை, ஏன் என்று கேட்டு வரி அலுவலகத்திலிருந்து கடிதம். சம்பளத்திலேயே வரியைப் பிடித்துக்கொள்கிறார்களே, அதற்கு மேல் நாம் என்ன எழுதிக் கொடுப்பது என்று ஊரில் பாதிப் பேர் நினைப்பதைத்தான் அவளும் நினைத்திருந்தாள். கடிதத்தை மெத்தைக்கு அடியில் செருகினாள். மூன்று வாரம் அதன் மேலேயே தூங்கினாள். தூங்கினாள் என்பதெல்லாம் சும்மா பேச்சுக்கு.

நாலாவது வாரம் தெருமுனையில் பலகை மாட்டி வைத்திருந்த ஒருவரிடம் போனாள். அவர் கூலி எவ்வளவு என்று சொன்னார், காகிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். எங்கே வேலை, வேறு வருமானம் உண்டா, வீட்டில் யார் யார் என்று ஒரு கேள்வி கிடையாது. நாடி பிடித்துப் பார்க்காமல் மருந்து எழுதுகிறவரைப் பார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளாயிற்றே. காகிதங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போய், இலவசமாகக் கிடைத்த விளக்கப் புத்தகத்தை எடுத்து வந்தாள். அறுபத்து நாலு பக்கம்.

மடித்து அடுக்கிய விரிப்புகளின் மேல் உட்கார்ந்து மதிய இடைவேளைகளில் படித்தாள். முதல் தடவை தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இரண்டாம் தடவை பென்சில் எடுத்துக்கொண்டாள். மூன்றாம் தடவைதான், இதுவும் தன் துணிப் பதிவேடு மாதிரி ஒன்றுதானே என்று உறைத்தது. வந்தது ஒரு கட்டம், கழிவது ஒரு கட்டம், மிச்சம் ஒரு கட்டம். எழுதி முடித்துப் பார்த்தால், அவளிடம் பிடித்த வரி கட்ட வேண்டியதைவிட அதிகம். இரண்டு வருஷமாக அரசாங்கம்தான் அவளுக்குத் தர வேண்டியிருந்தது.

ஏழு வாரத்தில் பணம் திரும்பி வந்தது. அம்மாவுக்குக் காது கேட்கும் கருவி வாங்கினாள். மூன்று முறை கத்தினால் ஒரு முறை திரும்பிப் பார்க்கிற அம்மாவுக்கு மறுநாளிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டை வரிக்கு வரி கேட்டது. சமையலறையிலிருந்தபடியே அதற்குத் தீர்ப்பும் சொல்ல ஆரம்பித்தாள்.

இந்தச் செய்தி ஆஸ்பத்திரிச் சமையல்காரரின் காதுக்குப் போனது. அவர் காதுக்குப் போனால் மூன்று மாடிக்கும் போன மாதிரி. அடுத்த வருஷம் கணக்கு சமர்ப்பிக்கும் மாதம் வந்ததும் துணியறை வாசலில் செருப்புகள் சேர்ந்தன. சமையல்காரர் பகலில் ஆஸ்பத்திரியிலும் மாலையில் ஒரு விடுதியிலும் வேலை பார்த்தார். இரண்டு இடத்துச் சான்றிதழையும் சேர்க்க வேண்டுமா, பெரியதை மட்டும் காட்டினால் போதாதா என்று அவருக்குச் சந்தேகம். துப்புரவுப் பணிப்பெண்ணுக்கு, வருமானமே இத்துனூண்டு, அதற்கும் கணக்கா என்று. ஆய்வகத்துப் பெண், தன் மாமியார் தன்னை நம்பித்தான் இருக்கிறார் என்பதை எழுதலாமா என்று கேட்டாள். எழுதலாம் என்றதும், அதை மாமியாரே ஒத்துக்கொண்டு ஒரு கையெழுத்துப் போடுவாரா என்று கவலைப்பட்டாள். எல்லாரும் கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: தெரியாமல் தப்பாக எழுதிவிட்டால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா?

இரண்டாம் மாடி நர்ஸ் ஒருத்தி தன் நாயைப் பற்றி விசாரித்தாள். "நான்தான் சோறு போடுறேன், நான்தான் ஊசி போடுறேன். என்னை நம்பி வாழ்றவங்கன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல எழுதலாமாக்கா?"

"அது வாய் பேசுமா? அதிகாரி வந்து விசாரிச்சா ஆமான்னு சொல்லுமா?" என்றாள் அக்கா.

யாருடைய படிவத்தையும் அவள் எழுதிக் கொடுத்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, துணி மடித்துக்கொண்டே, "இப்ப எந்தக் கட்டத்துல இருக்கீங்க?" என்று மட்டும் கேட்பாள். அவரவரே எழுத வேண்டும். காசு வாங்குவதில்லை. வேண்டுமானால் இரண்டு விரிப்பின் அந்த நுனியைப் பிடித்து மடிக்க உதவலாம். பட்டம் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூடக் கட்டம் அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வந்தது எட்டு வருஷம் கழித்து. நாற்பத்தைந்து வயது, அதிகம் பேசாதவர். எவ்வளவு மோசமான விபத்திலிருந்தும் ஆளைத் தூக்கி வந்து சேர்ப்பவர், கை நடுங்காது என்று பெயர். அவர் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். வாய் இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே ஆறு வருஷத்துக் கடிதங்கள், ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

அக்கா திட்டவில்லை. கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றாகப் பிரித்து வருஷவாரியாக அடுக்கினார்கள். முதல் படிவத்தில் பெயர், முகவரி எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. மணமாகாதவர், மணமானவர், துணையை இழந்தவர் என்று மூன்று சிறிய சதுரங்கள். எதிலாவது ஒன்றில் குறி போட வேண்டும்.

ஆம்புலன்ஸுக்கு அழைப்பு மணி அடித்தது. அவர் எழுந்து போய்விட்டார். மறுநாள் வந்தார், அதே கட்டம், மறுபடி எழுந்து போனார். கட்டம் அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது, ஆறு வருஷமாக இந்த மனிதர் வரிக்குப் பயந்து ஓடவில்லை என்று. அவள் தலையணை உறைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நாலாவது நாள் அவர் மூன்றாவது சதுரத்தில் மெதுவாகக் குறி போட்டார். போட்டுவிட்டு, மனைவி இதே ஆஸ்பத்திரியில், மேலே பதினோராம் எண் அறையில்தான் இறந்தாள் என்றார். பிறகு, "அடுத்த கட்டம் என்ன?" என்று கேட்டார்.

ஆறு வருஷமும் பன்னிரண்டு நாளில் முடிந்தது. இரண்டு வருஷத்துக்கு அபராதம், மூன்று வருஷத்துக்குப் பணம் திரும்ப வரும், ஒரு வருஷம் சரிக்குச் சரி. இருவருமாகப் போய் வரி அலுவலகத்தில் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் ஓட்டுநர் படிக்கட்டிலேயே உட்கார்ந்து, ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பாதியை அவளிடம் நீட்டினார். அவளும் உட்கார்ந்து தின்றாள்.

அதற்கடுத்த வருஷம் அவருடைய கணக்கில் குழப்பம் ஒன்றும் இல்லை, ஒரே பக்கம். ஆனாலும் முதல் ஆளாக வந்தார். ஒரு நாளைக்கு ஒரு கட்டம் என்று எழுதினார். கட்டம் முடிந்த பிறகும் விரிப்பின் நுனி பிடிக்க வந்தார். சமையல்காரர்தான் இதைக் கண்டுபிடித்தார். "ஊரே அக்கா அக்காங்குது. இந்த மனுஷன் மட்டும் ரெண்டு வருஷமா 'இங்க பாருங்க', 'உங்களைத்தான்'னு சுத்தி வளைக்கிறாரே, ஏன்?" என்று நர்ஸிடம் கேட்டார். நர்ஸுக்குப் பதில் முன்பே தெரிந்திருந்தது. தெரியாதவள் கட்டம் அக்கா ஒருத்திதான்.

மூன்றாவது வருஷம், கடைசித் தேதிக்கு முந்தின நாள், மதியம். அறையில் வேறு யாரும் இல்லை. ஓட்டுநர் பேனாவை மூடி வைத்தார்.

"ஒரு சந்தேகம். கல்யாணம் ஆனா வரி குறையுமா?"

அக்கா இதைத் தொழில் கேள்வியாகவே எடுத்துக்கொண்டாள். அது ஆளைப் பொறுத்தது என்றாள். ஒருத்தர் மட்டும் சம்பாதித்தால் குறையும். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம் என்றால் ஒன்றும் குறையாது, சில சமயம் கூடவும் செய்யும் என்று விளக்கினாள். விளக்கப் புத்தகத்தில் பக்கம்கூடச் சொன்னாள்.

"அப்ப நம்ம விஷயத்துல குறையாது," என்றார் அவர்.

"நம்ம விஷயம்னா?"

அவர் விரிப்பின் நுனியைத் தேடினார். அவள் கையிலிருந்த நுனி நழுவிக் கீழே விழுந்தது. சுத்தமான விரிப்பு தரையில் விழுந்தால் மறுபடி சலவைக்குப் போக வேண்டும். அத்தனை வருஷத்தில் அவள் கையிலிருந்து விழுந்தது அது ஒன்றுதான்.

"கூடினாலும் பரவால்ல," என்றார் ஓட்டுநர்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டில் இரண்டு தாள் எடுத்து இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தாள். தனித்தனியாக இவ்வளவு, சேர்த்து இவ்வளவு. மறுநாள் தாளை அவரிடம் நீட்டி, சேர்ந்தால் வருஷத்துக்கு இரண்டு ஜோடி செருப்பு வாங்குகிற அளவுக்குக் கூடுகிறது, நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள் என்றாள். சொல்லும்போது முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தாள், முடியவில்லை. இருக்கிற செருப்பையே தைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று அவர் சொல்ல, சமையல்காரர் கதவுக்கு வெளியிலிருந்து சிரித்துவிட்டார்.

அம்மாவிடம் சொல்லுவதுதான் கஷ்டமாக இருந்தது. அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "ஆறு வருஷக் கடுதாசியைப் பிரிக்காம வெச்சிருந்தாரே, அவரா? கல்யாணப் பத்திரிகையையாவது பிரிச்சுப் படிப்பாரா?" என்றாள். பிறகு உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, எப்போது, எந்தத் தேதியில் என்று கேட்டாள்.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம். சாட்சிக்குச் சமையல்காரரும் நர்ஸும். கையெழுத்துப் போடும் இடத்தைப் பதிவாளர் விரலால் காட்டினார். அக்கா அதற்கு மேலே இருந்த ஒவ்வொரு வரியையும் படித்து முடிக்கும்வரை பேனாவைத் தொடவில்லை. அடுத்த ஜோடி வாசலில் காத்துக்கொண்டு நின்றது. மாப்பிள்ளைக்கு அவசரம் ஒன்றும் இல்லை. "எந்தக் கட்டத்துல இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள், கணவரோடு சேர்த்துக் கொடுத்த முதல் வரிக் கணக்கில் கோட்டை விட்டாள். சேமிப்புக் கணக்குக்கு வந்த வட்டியை எழுத மறந்துவிட்டாள். சந்தோஷத்தில் என்று நர்ஸ் சொன்னாள். வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று சமையல்காரர் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அக்கா திருத்தப் படிவம் எழுதி, விட்டுப்போன வரியையும் சிறிய அபராதத்தையும் கட்டினாள். பிறகு அந்தக் கடிதத்தை எல்லாரும் பார்க்கும்படி துணியறைச் சுவரில் ஒட்டினாள். தப்பாக எழுதினால் பிடித்துக்கொண்டு போவார்களா என்று யாராவது குரலைத் தாழ்த்தினால் சுவரைக் காட்டுவாள். அந்த வருஷத்திலிருந்து கூட்டம் இரண்டு மடங்கானது.

போன வருஷம் வரிசையில் ஒரு அறுவைச் சிகிச்சை நிபுணரும் துப்புரவுப் பணிப்பெண்ணுக்குப் பின்னால் நின்றார். அவர் கேட்ட கேள்வி அக்காவுக்கே புதிது. தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். இப்படிப் பதில் தெரியாத கேள்விகள் பதினொன்று சேர்ந்தன. விடுமுறை நாளில் வரி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிடலாம் என்று அவளும் கணவரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அப்போது அம்மா, தனக்கும் ஒரு படிவம் வேண்டும் என்றாள். எல்லாரும் எழுதுகிறார்கள், நான் மட்டும் என்ன பாவம் செய்தேன் என்று கேட்டாள்.

"உனக்கு வருமானம் இல்லையேம்மா. நீ எழுத வேண்டியதில்ல."

"அம்பது வருஷமா ஆக்கிப் போட்டிருக்கேன், துவைச்சுப் போட்டிருக்கேன். அதை எந்தக் கட்டத்துல எழுதணும்?"

அக்கா விளக்கப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். அப்படிக் கட்டம் கிடையாது என்றாள். அப்படியென்றால் தப்பு உங்கள் படிவத்தில்தான் என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கணவர் தாளை வாங்கி, பன்னிரண்டாவது கேள்வியாக அதையும் எழுதிக்கொண்டார்.

அலுவலகத்தில் இருந்த அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒன்பது கேள்விக்கு அங்கேயே பதில் சொன்னார். இரண்டுக்கு மேலிடத்தில் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். பன்னிரண்டாவதைப் படித்ததும் பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் இன்னொருத்தரைக் கூப்பிட்டாள். நாலு பேர் கூடி நின்று அந்தத் தாளைப் படித்துச் சிரித்தார்கள். கடைசியில் அதிகாரி, அதற்கு எங்களிடமும் கட்டம் இல்லை, ஆனால் அம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள் என்று ஒரு வெற்றுப் படிவத்தை உறையில் போட்டுக் கொடுத்தார்.

அம்மா அந்தப் படிவத்தில் பெயரும் முகவரியும் எழுதினாள். தொழில் என்ற கட்டத்தில் எழுத்துகள் சதுரத்தை விட்டு வெளியே வழிகிற மாதிரி நிறைய எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். எங்கேயும் அனுப்பவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறாள், எந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறாள் என்று விரல் வைத்துச் சொல்லியபடி.