பாலத்து மேட்டில் இரண்டு தட்டு

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்று வளர்த்தது ஐந்து. "ஆறாவது வாசல்ல நிக்குது" என்று எங்கள் பழைய கான்டெஸா காரைக் காட்டுவார் என் வீட்டுக்காரர். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். வரட்டும், அவசரம் ஒன்றுமில்லை.

எங்கள் முடிச்சூரில் வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருந்த சமயம். கடைசி மகளுக்கு ஏற்காட்டில், அவள் புருஷன் வேலை பார்த்த ஊரில், குழந்தை பிறந்தது. தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்துவர முடியவில்லை. பயணம் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். அது எங்களுக்குப் பெரிய குறை. தாயையும் பிள்ளையையும் என் வண்டியில்தான் கூட்டிவருவேன் என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். அதற்காகவே எஞ்சினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, புது பிஸ்டன் போட்டு, மேல்மூடியான ஹெட்டையும் இழைத்திருந்தது.

பெரியவன் ஒப்பவில்லை. "பச்சக் குழந்தைய வச்சுக்கிட்டு நடு மலையில நின்னுட்டா என்னப்பா பண்ணுவீங்க? பேசாம வாடகை வண்டியில மலைய விட்டு எறங்கி, டிரெயின்ல கூட்டிட்டு வரலாம்."

கேள்வி நியாயம்தான். எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்.

அஸ்தினாபுரத்தில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் பார்க்கும் மீட்டர் வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒரே அளவு. புகையும் இல்லை.

"மலை ஏறுமா?" என்றார் இவர்.

"நின்ன எடத்துல எல்லா வண்டியும் நல்லாத்தான் கீது சார். ஆளை ஏத்திகினு பாலத்து மேட்டுல வுட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

பின் சீட்டில் மெக்கானிக், பெரியவன், மருமகள். டிக்கியில் அரிசி மூட்டை. முன்னால் நாங்கள் இருவரும்.

"அம்மா வர்றதா இருந்தா மூட்டையே வேணாமே" என்றான் பெரியவன்.

"உன்னைச் சுமந்த உடம்புடா இது. கம்முனு உக்காரு."

ஒரு விஷயம் அவர்களுக்குத் தெரியாது. இவருக்குக் காது மந்தமாகியிருந்தது. பேச்சு கேட்கும், ஹாரன் கேட்கும். மெல்லிய சத்தம் விழாது. சத்தத்தை வைத்தே எஞ்சினின் உடம்பைச் சொன்ன மனுஷர், இதை யாரிடம் போய்ச் சொல்வார்? கிளம்புமுன் சமையல்கட்டில் வந்து நின்றார்.

"நீ கேட்டுச் சொல்லு. நல்லாயிருந்தா என் தொடையில ஒரு தட்டு. டிக்டிக்னு வந்தா ரெண்டு."

அந்த வண்டி தெருமுனை திரும்பும் சத்தத்தில் தோசைக்கல்லை அடுப்பில் போட்டவள் நான். சரி என்றேன்.

ரயில் பாதைக்கு மேலே ஏறும் பாலம். கியரை மாற்றாமலே இவர் மிதித்தார். வண்டி இழுத்த இழுப்பில் முதுகு சீட்டோடு ஒட்டியது. இவர் முகத்தில் கல்யாணத்தன்று பார்த்த சிரிப்பு. பாதி மேட்டில் அது கேட்டது. டப்பாவுக்குள் பொடிக் கல்லைக் குலுக்கினாற்போல, மெல்லிசாக. ஒரு தட்டோடு விட்டுவிடலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. மலை வளைவுகளையும் மகள் மடியில் இருக்கப்போகும் குழந்தையையும் நினைத்தேன். இரண்டு தட்டினேன்.

சிரிப்பு அணைந்துபோயிற்று. பாலம் இறங்கி ஓரமாக நிறுத்தினார். "எஞ்சின் உள்ள தட்டுது, நாக்கிங்" என்றார், தானே கேட்டவர் மாதிரி.

"ஆமா சார், எனக்கும் வுழுந்துச்சு. ஹெட்டை எழச்சதுல கம்ப்ரஷன் ஏறிக்கீது. ஸ்பார்க் டைமிங்கை ஒரு நூலு பின்னால தள்ளுனா போயிடும். மூஞ்சிய ஏன் சார் அப்பிடி வச்சுகினு கீறீங்க?"

போனட்டைத் திறந்து எதையோ தளர்த்தி, துளி திருப்பி, மறுபடி முடுக்கினார். திரும்ப மேட்டில் ஏறினோம். உச்சிவரை காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். எஞ்சின் சத்தம் மட்டும்தான், சீராக.

ஒரு தட்டு.

தட்டிய கையை இவர் அப்படியே பிடித்து வைத்துக்கொண்டார். பின்னால் மருமகள் இருக்கிறாளே என்று எனக்கு வெட்கம்.

"இழுக்குதுப்பா" என்றான் பெரியவன். "போங்க. ஆனா நானும் வருவேன்."

அந்த மலையிலிருந்து என் மடியில் தூங்கிக்கொண்டே இறங்கிய பேத்தி இப்போது பக்கத்தில் உட்கார்ந்து என் கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். சிரித்தது போதும் கண்ணு. முதலிலிருந்து படி. சத்தமாகப் படி, தாத்தாவுக்கும் கேட்கட்டும்.