அக்கா இறக்கிய பன்னிரண்டு கிலோ

பத்து வயது வரை வீட்டில் அவளுக்குப் பூசணி என்று பெயர். அப்புறம் டிரம். நாற்பத்து மூன்று வயதில், ஒரே வாரத்தில், தங்கம் ஆகிவிட்டாள். குணத்தைப் பார்த்து வந்த பெயர் இல்லை அது. அவளுடைய கல்லீரலைப் பார்த்து வந்தது.

பெரியதம்பிக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. கூடப்பிறந்தவர்களில் யாராவது தங்கள் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால் பிழைப்பான், இல்லாவிட்டால் ஆறு மாதம் தாங்குவதே கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடப்பிறந்தவர்கள் இரண்டே பேர், அக்காவும் சின்னதம்பியும். சின்னதம்பி மறுநாளே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"வெளியில டெஸ்ட் எடுத்துட்டேன். என் குரூப் ஏ. அண்ணனுக்கு பி, இல்லேன்னா ஓதான் சேருமாம். கொடுத்து வைக்காத பாவி நான்" என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டான். மெதுவாகத்தான் முட்டினான். ரிப்போர்ட் எங்கே என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவன் அழுத அழுகை அப்படி.

அக்காவின் குரூப் பி. ஆனால் ஈரலில் கொழுப்பு. தொண்ணூற்றொரு கிலோவிலிருந்து பன்னிரண்டு கிலோவை நான்கு மாதத்தில் இறக்கினால் ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள்.

உடம்பைக் காரணம் காட்டித்தான் அவள் கல்யாணத்தை அந்த வீடு வருஷக்கணக்காகத் தட்டிக்கழித்தது. சம்பளத்தை மட்டும் பருமன் பார்க்காமல் வாங்கிக்கொண்டது. இதையெல்லாம் அவள் மறக்கவில்லை. ஆனாலும் சரி என்று சொன்னாள். பெரியதம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குச் சாகப் பயமா இருக்குக்கா" என்று மட்டும் சொன்னான். பேச்சுக்குக்கூட "நீ ஏன்க்கா கஷ்டப்படணும்" என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் அவள் காதுக்கு வந்த ஒரே பொய்யில்லாத வார்த்தை அதுதான்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது ஆதரவு. போனில் "தங்க அக்கா" என்று ஒரு குரூப் தொடங்கினார்கள். தினமும் காலையில் அவள் எடை மெஷினில் ஏற வேண்டும், அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து எண்ணைப் படிக்க வேண்டும், அது குரூப்பில் போக வேண்டும். இருநூறு கிராம் இறங்கினால் கைதட்டல் படங்களாக வந்து விழும். முந்நூறு கிராம் ஏறிவிட்டால் வீடு இழவு வீடு. "அவன் உயிர் உன் வாயில இருக்குடி" என்பாள் அம்மா. சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டு வந்தது. அதன் சாவி எல்லாரிடமும் இருந்தது, அவளிடம் தவிர. அவளுக்கு வேகவைத்த பீன்ஸை வைத்துவிட்டு, அவள் மனசு கஷ்டப்படக்கூடாதாம், உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் கோழி வறுவல் தின்றார்கள். கதவு வாசனையைத் தடுக்காது என்பது அவர்கள் மண்டைக்கு எட்டவில்லை.

எல்லோரையும் மிஞ்சியவன் சின்னதம்பி. காலை ஐந்தரைக்கு அவளை நடக்கக் கூட்டிப் போவான். அவள் மூச்சு வாங்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "விடாதக்கா, இன்னும் எண்ணூறு அடிதான்" என்பான். பேச்சு கரும்பு. நின்று ஒரு வாய் தண்ணீர் குடித்தால் மட்டும் முகம் சுருங்கும்.

அக்காவுக்கு வேலை ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில். சூடான உருளைக்குள் ஈரப் படுக்கை விரிப்பை விட வேண்டும். ஆளுக்கொரு மூலையைப் பிடித்து இரண்டு பேர் ஒரே வேகத்தில் விட்டால்தான் துணி சுருக்கமில்லாமல் போகும். பத்து வருஷமாக அவளுக்கு எதிர்மூலை பிடிப்பவள் ஒருத்தி. அவளை எல்லோரும் ஜோடி என்றே கூப்பிடுவார்கள். வாய் மோசம். மற்ற பெண்கள் "ஒரு துண்டு கேக்தானே, இன்னைக்கு மட்டும்" என்று அக்காவிடம் நீட்டும்போது ஜோடி, "ஏன், அவ தம்பி செத்தா பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு நீ சமைப்பியா?" என்று கேட்டாள். அதோடு கேக் நின்றது. அக்காவிடம் ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை. ஆனால் மூன்றாம் மாதம் அக்காவுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தபோது, கேட்காமலே உருளையை ஒட்டிய சூடான பக்கத்துக்கு இடம் மாறி நின்றுகொண்டாள்.

இன்னும் இரண்டு கிலோ பாக்கி இருந்தபோது அது நடந்தது. சின்னதம்பி நடை முடிந்து நேரே பார்சல் கிடங்குக்கு வேலைக்குப் போகிறவன், அதனால் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வருவான். அன்று ஷூ லேஸைக் கட்டக் குனிந்தான். அட்டை பின்பக்கமாகத் திரும்பித் தொங்கியது. பெயர், முகவரி, அவசரத்துக்குக் கூப்பிட ஒரு எண். அதற்குக் கீழே சிவப்பில்: இரத்த வகை, ஓ பாசிட்டிவ்.

அக்கா மிச்ச தூரத்தையும் நடந்தாள். பக்கத்தில் அவன், "சூப்பர்க்கா, சூப்பர்க்கா" என்று சொல்லிக்கொண்டே வந்தான். காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

வேலையில் ஜோடியிடம் சொன்னாள். ஜோடி விரிப்பை விடுவதை நிறுத்தவில்லை.

"இன்னைக்கே வயிறு முட்டத் தின்னு. ஒரே மாசத்துல பழைய டிரம் ஆயிடு. அவன் போய்க் கொடுக்கட்டும்."

"அவன் கொடுக்க மாட்டான்டி. ஓடிடுவான். செத்துப்போறது பெரியவன்தான்."

"அப்ப என்னதான் பண்ணப் போற?"

"தெரியல" என்றாள் அக்கா. துணி கோணலாகப் போய் உருளையில் சிக்கிக்கொண்டது.

எடை எழுபத்தொன்பதைத் தொட்ட வாரம் கடைசிப் பரிசோதனை. ஆஸ்பத்திரி நடைபாதையில் மொத்தக் குடும்பமும் கூடியிருந்தது. டாக்டரம்மா அக்காவைத் தனியாக உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஈரல் நல்லா இருக்கு. ஒண்ணு கேக்கணும். யாராவது கட்டாயப்படுத்துறாங்களா? வேண்டாம்னா சொல்லிடுங்க. உங்களுக்குப் பொருந்தலைன்னு நாங்களே சொல்லிடுவோம். காரணம் வெளியில போகாது."

கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அது வழியாகப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சின்னதம்பி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். இத்தனை பேரும் நான்கு மாதமாகத் தன்னைத் தட்டிக்கொடுத்தது எதற்கு என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. கசாப்புக்கடைக்காரன்கூட ஆட்டை இவ்வளவு கொஞ்ச மாட்டான். ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் உள்ளே வார்டில் படுத்திருப்பவனுக்குப் பயமாக இருக்கிறதே. அவன் அதை ஒளிக்கவில்லையே.

"என் இஷ்டம்தான் டாக்டர். யாரும் கட்டாயப்படுத்தல" என்றாள். பிறகு, "எனக்குக் கடைசி நேரத்துல காய்ச்சல் கீய்ச்சல்னு வந்துட்டா? மாத்து ஆள் ஒருத்தரை எழுதி வைக்கலாமா?" என்று கேட்டாள்.

வெளியே வந்து சொன்னதும் எல்லோரும் பாய்ந்து கட்டிக்கொண்டார்கள். சின்னதம்பி தேம்பித் தேம்பி அழுதான். வயிற்றில் பால் வார்த்த அழுகை. அவன் தோளைத் தட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி அக்கா சொன்னாள்:

"மாத்து ஆளா உன் பேரைக் கொடுத்திருக்கேன்டா. உனக்கு ஓ குரூப்தானே, ஒத்துவருமாம். எனக்கு ஏதாவது ஆயிட்டா நீதான். திங்கக்கிழமை வெறும் வயித்தோட வந்து எல்லா டெஸ்ட்டும் எடுக்கணும்."

அவன் அழுகை பாதியில் நின்றது. அம்மாவுக்கு இரத்தக் குரூப் கணக்கெல்லாம் நினைவில் இல்லை. "என் தங்கம்" என்று அவன் தலையைத் தடவினாள். பெரியதம்பியின் மனைவிக்கு நினைவிருந்தது. அவள் அவனையே வெறித்துப் பார்த்தாள். மாட்டேன் என்று அவன் வாயைத் திறந்தால் அவள் முன்னால்தான் திறக்க வேண்டும்.

"நான் எதுக்குக்கா..." என்றான். "அதான் நீ இருக்கியே."

"இருக்கேன், இருக்கேன். ஆபரேஷனுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. அதுவரைக்கும் நான் நல்லா இருக்கணும்."

மறுநாள் அவன் ஐந்தேகாலுக்கே வந்து வாசலில் நின்றான். கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அக்கா தூங்கினாளா, தலை சுற்றுகிறதா, செருப்பு கடிக்கிறதா என்று நான்கு மாதத்தில் முதல்முறையாகக் கேட்டான். நிஜமாகவே கேட்டான்.